அளவுக்கு நின்றவள்

இன்று காலை லென்ஸ் வைத்திருக்கும் டப்பாவைத் திறந்தேன். பழைய சோற்றுப் பெட்டிதான். உள்ளே வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன். நீ செய்த ஏற்பாடு. கண்டி ஈரத்துக்கு வேறு என்ன செய்வது? அப்படியும் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அரிசி வாசத்தில் உன் ஞாபகம் வந்து, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கட்டுகஸ்தோட்டை நானாவின் கேமராக் கடையில் இந்த லென்ஸை வாங்கினோமே, அந்த நாள். நம் இருவருக்கும் சேர்த்து ஒரு கேமரா, ஒரே ஒரு லென்ஸ். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மலை மலையாகச் சுற்றும் இரண்டு கிளார்க்குகளுக்கு அதற்கு மேல் தூக்க முதுகு கிடையாது. கிட்டத்தையும் தூரத்தையும் எடுக்கிற பெரிய லென்ஸ் ஒன்றை நானா நீட்டினார். "ஒண்டு மட்டும் எண்டா இத எடுங்க தங்கச்சி. முகமும் வரும், மலையும் வரும்." எனக்கும் அதில்தான் ஆசை. நீ அதைக் கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அம்மிக்கல்லு!" என்று உடனே கழற்றினாய். உள்ளங்கைக்குள் அடங்கும், அகலமாக மட்டும் காட்டும் இந்தச் சின்னதை எடுத்துக்கொண்டாய்.

"முகத்த வச்சு என்னடி பண்ணப்போற? கிட்ட வேணும்னா நடந்து வா. கால் எதுக்கு இருக்கு?"

நானா சிரித்துவிட்டார். உன்னிடம் வாதாடி ஜெயித்தவர் யார்?

அதன் பிறகு எங்கே போனாலும் ஒரே கதைதான். ஹந்தானையில் பாதி ஏறியதும் நின்றுவிடுவாய். "நீ மேல போய் எடு. நான் இங்கயே அளவுக்கு நிக்கிறேன். ஆள் ஒன்னு நின்னாதானே மலை எவ்வளவு பெருசுன்னு தெரியும்." கெட்டிக்காரி, படம் தெரிந்தவள் என்று மெச்சிக்கொண்டு நான் மேலே போவேன். கீழே உன் சிவப்பு ஸ்வெட்டர் பொட்டு மாதிரித் தெரியும். படங்களும் நன்றாகத்தான் வந்தன.

நீ போனபின், பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் உன் அம்மா கலஹாவிலிருந்து வந்தார். "அவ படம் உன்கிட்டதானே இருக்கும் புள்ள? சிரிச்ச முகமா ஒன்னு குடு. பெருசு பண்ணி மாட்டணும்." இருக்கிறது என்று தைரியமாகச் சொன்னேன். மூன்று வருடப் படங்கள். எல்லாவற்றிலும் நீ இருந்தாய். ஒன்றில்கூட முகம் இல்லை. கம்ப்யூட்டரில் பெரிதாக்கப் பெரிதாக்க அது கட்டம் கட்டமாக உடைந்தது.

ஆனால் உடம்பு தெரிந்தது. எந்தப் படத்திலும் நீ நிற்கவில்லையடி. பாறையில் சாய்ந்திருக்கிறாய். குடையை ஊன்றிக் குனிந்திருக்கிறாய். தெல்தோட்டைச் சரிவில் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாய். இதய வால்வு கெட்டு வெகுநாளாகிவிட்டது என்று டாக்டர் கடைசியில் சொன்னாரே, அது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நீ மூச்சுக்குத் தவித்திருக்கிறாய். நான் உன்னை வைத்து மலையை அளந்துகொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று உன்மேல் கோபம்கூட வருகிறது. யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

கடைசியில் உன் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினார்கள். நீயே வெறுத்த, சிரிக்காத படம்.

இன்று லென்ஸை நானாவிடம் கொண்டுபோனேன். துடைத்தாலும் திரும்ப வரும் என்றார். பழையபடி அந்தப் பெரியதையே எடுத்து வைத்தார். "இப்பயாவது இத எடுங்க தங்கச்சி." கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். பாரம்தான். கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். பழையதையே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் இன்னமும் போகிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் கூட வருகிறார்கள். கீழே தூரத்தில் நின்று "எடுங்கக்கா" என்று கத்துகிறார்கள். நான் கேமராவை இறக்கிவிட்டு, அவர்கள் நிற்கும் இடம்வரை இறங்கி நடந்து போகிறேன். "மூச்சு வாங்குதா?" என்று கேட்கிறேன்.

"இல்லையே, ஏன்க்கா?" என்று சிரிக்கிறார்கள். இறங்கிய மேட்டில் நான் திரும்பவும் ஏறுகிறேன்.