தண்ணீருக்கு அடியில் ஒன்றாம் நம்பர் பஸ்

இதை எழுதும் விரல்களில் குழந்தை ஷாம்பு மணக்கிறது, டாக்டர். வீட்டில் குழந்தை யாரும் இல்லை. காலையில் முக்குளிக்கும் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி அலசினேன். தண்ணீருக்குள் ஆவி படியாமல் இருக்க அது நீங்களே கண்டுபிடித்த வழி என்று வெகுநாள் நம்பியிருந்தேன். எல்லா ஊரிலும் முக்குளிப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. கேட்டபோது நீங்கள் அசரவில்லை. "பாத்தீங்களா சார், அதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றீர்கள்.

ஆம், குவாரிக்குப் போய் வந்தேன். நீங்கள் கண்மூடிய பிறகு இதுதான் முதல் தடவை.

கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற, ஸ்ரீரங்கத்து வீட்டு மாடிப்படியில்கூடக் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிற ஒருவன், எப்படி ஸ்கூபா கற்றுக்கொண்டான் என்று இன்றும் கேட்கிறார்கள். புத்தூரில் உங்கள் பல் மருத்துவமனை நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டே, ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியில் முக்குளிக்கச் சொல்லித் தருகிறார்கள், நாம் இரண்டு பேரும் சேர்கிறோம் என்றீர்கள். மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை.

அந்தக் குவாரியில் பவளமும் கிடையாது, வண்ண மீனும் கிடையாது. பச்சைத் தண்ணீர், வண்டல், ஜிலேபி மீன்கள். கொஞ்ச தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. வழி தவறாமல் இருக்கத்தான் அடியில் கிடந்தவற்றுக்கெல்லாம் நம் ஊர் ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் ஸ்டாப் பெயர்களை நீங்கள் வைத்தீர்கள். கரையோரம் கல்லில் வெட்டிய படிகள் சென்ட்ரல். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரு கற்பலகைகள் மெயின்கார்டு கேட். அடுத்து உடைக்காமல் விட்ட பெரும்பாறை மலைக்கோட்டை. அதைத் தாண்டி நீண்டு கிடந்த இரும்புக் குழாய் காவிரிப் பாலம். குழாயின் முடிவில் கூரை போன பம்புக் கொட்டகைதான் ஸ்ரீரங்கம். கண்டக்டர் விசிலுக்குப் பதில் முதுகில் மாட்டிய காற்று சிலிண்டரில் தட்டுவீர்கள். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போகலாம்.

மருத்துவமனையை மூடியபோது வாசலில் இருந்த தகரப் பலகையைக் கழற்றி, கொட்டகையின் வாசலில் கொண்டுபோய்க் கட்டியதும் நீங்கள்தான். "மீனுக்கெல்லாம் பல்லு இருக்கு சார். பாக்கத்தான் ஆளில்ல."

அந்தப் பலகைக்காகத்தான் போனேன். அடுத்த வாரம் வேலைக்காக வெளிநாடு போகும் உங்கள் மகள் அழைத்திருந்தாள். கடலில் முக்குளிக்கக் கற்றவள்தான், இந்தக் குவாரியில் இறங்கியதில்லை. புத்தூரில் உங்கள் மருத்துவமனை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. "அப்பா பேரு போட்ட போர்டு அது ஒண்ணுதான் மிச்சம் அங்கிள். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ தொட்டுப் பாத்துடணும். உங்களுக்குத்தான் வழி தெரியும்" என்றாள். எனக்கு வழி தெரியாது, முன்னால் போகும் உன் அப்பாவின் மஞ்சள் துடுப்பு மாட்டிய கால்கள்தான் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். போகலாம் என்று சொல்லிவிட்டேன். இருதயத்தைப் பரிசோதிக்கப் போனபோது, போகக்கூடாது என்று அந்த டாக்டர் சொல்லிவிட்டால் நல்லது என்று பாதி மனம் வேண்டிக்கொண்டது. அவர் கைகொடுத்து அனுப்பிவைத்தார்.

போய்ப் பார்த்தால் சென்ட்ரலே இல்லை. மழையில் அந்தக் கரை சரிந்து படிகளை மூடிவிட்டது. லாரி இறங்குகிற பக்கமாகத்தான் இப்போது இறங்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். அவர் புதியவர். நம் வழித்தடம் அவருக்குத் தெரியாது. கூடவே வருவதாகச் சொன்னார்.

வரைபடம் போட்டுத் திசையைக் கணக்கிட்டு, இரண்டு முறை சரிபார்த்து, திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். வண்டல்தான் வந்தது. வண்டலுக்குப் பிறகும் வண்டல். மேலே வந்தோம். உங்கள் மகள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பரவால்ல அங்கிள், இவ்ளோ தூரம் வந்ததே போதும்" என்றாள். நீங்கள் பொய் சொல்லும்போது ஒரு புருவம் உயரும். அவளுக்கும் உயர்ந்தது.

காற்று மிச்சம் இருந்தது. இன்னொரு தடவை இறங்கலாமா என்று கேட்டது நான்தான்.

இந்தத் தடவை மெதுவாகப் போனேன். பச்சை இருட்டில் ஒரு பாறை எழுந்தது. நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு, வெடிப்பில் செத்த மரத்தின் வேர். பார்த்த இடம்தான் என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் நம் மலைக்கோட்டை வழவழப்பானது, வெடிப்பே கிடையாது. எப்போது பார்த்தேன் இதை?

அப்போதுதான் நினைவு வந்தது, டாக்டர். நீங்கள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்குப் பயம். ஒவ்வொரு ஸ்டாப்பைத் தாண்டியதும், வந்த வழி இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பேன். "ஏன் சார் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? நான் முன்னாடிதானே போறேன்?" என்று கரையில் சிரிப்பீர்கள். திரும்புகையில் கொட்டகையிலிருந்து நேரே மேலேறி, நீர்ப்பரப்பில் நீந்தித்தான் கரை சேர்வோம். மலைக்கோட்டையின் முதுகை நீங்கள் பார்த்ததே இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன், இந்த வெடிப்போடு.

முதுகு தெரிகிறது என்றால் பாறையைத் தாண்டிய பக்கத்தில் நிற்கிறோம். அதற்கு நேராக என் முதுகைக் காட்டி நீந்தினேன். குழாய் வந்தது. குழாய் முடிந்த இடத்தில் கொட்டகை வந்தது.

பலகையில் பாசி. உங்கள் மகள் உள்ளங்கையால் மெல்லத் துடைக்கத் துடைக்க, முதலில் 'பல்' வந்தது, பிறகு உங்கள் பெயர். அவள் கை அங்கேயே நின்றது. உள்ளிருந்து ஒரு ஜிலேபி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான் சிலிண்டரில் ஒரு தட்டு தட்டினேன். நெடுநேரம் கழித்து அவள் இரண்டு தட்டு தட்டினாள். அதை அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை.

கரையில், ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இந்த வழியைக் காட்ட முடியுமா என்று பயிற்சியாளர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிச்சாரு, சரின்னுட்டாரு" என்று உங்கள் மகள் எனக்காகப் பதில் சொன்னாள். உங்கள் குரல்தான்.

போகிறேன், டாக்டர். இனி முன்னால் உங்கள் மஞ்சள் துடுப்புகள் இருக்காது. பின்னால் ஆட்கள் வருவார்கள். நான் வழக்கம்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன்.