ஒல்லாந்துக் கார்

வுப்பர்டால், ஜெர்மனி

அன்புள்ள றெஜினாவுக்கு,

உனக்கும் மகள் மெலனிக்கும் மாதாவின் காவல் இருக்கட்டும். மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

உங்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர, ஒல்லாந்திலிருந்து கொண்டுவந்த பழைய கார் ஒன்றை வாங்கினேன் அல்லவா? அது போய்விட்டது. தொலைபேசியில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். பயப்படாதே.

திங்கட்கிழமை நானும் சில்வெஸ்டர் அண்ணையும் அதைப் பதியப் போனோம். காரில் பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்த அதிகாரி எங்களை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பிறகு பொலிசார் வந்தார்கள். ஒல்லாந்தில் களவுபோன கார் என்றார்கள். வழக்கு வந்தால் உங்கள் விசா என்னாகும் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறெதுவும் ஓடவில்லை.

மொழிபெயர்க்க வந்த சில்வெஸ்டர் அண்ணை என் காதில், "வித்தவன் எங்கட ஆள். பேரைச் சொல்லாதை" என்றார்.

"இல்லை அண்ணை, எல்லாத்தையும் சொல்லுங்கோ. நான் பொய் சொல்லி மாட்டினால் மனிசியும் பிள்ளையும் இஞ்ச வர ஏலாது" என்றேன்.

மூன்று மணிநேரம் விசாரித்தார்கள். கடைசியில் என்னைச் சாட்சி என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கார்தான் திரும்பி வராது. அதைக் கொண்டுபோகுமுன், பின்னால் நான் பூட்டியிருந்த பிள்ளை இருக்கையைப் பொலிஸ்காரி ஒருத்தி கழற்றித் தந்தாள். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

விசாவுக்குக் கொடுக்கத் திருமணப் பதிவின் பிரதி இன்னொன்று அனுப்பு. மெலனியைச் சுவரோடு நிறுத்தி அளந்து எழுது. அந்த இருக்கையை உயரம் பார்த்துத்தான் பூட்ட வேண்டுமாம். நான் விட்டுவந்தபோது அவள் இருந்த அளவுக்கே பூட்டியிருந்தேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்
டிலக்ஸன்