கடைசி வாங்கு

அக்கா,

இன்று காலை நீலச் சாரிச் சட்டையை அயன் பண்ணும்போது தையல் மெஷின் எண்ணெய் மணம் லேசாக எழுந்தது. நீங்கள் எனக்குத் தைத்துத் தந்த கடைசிச் சட்டை. இடது கை கொஞ்சம் இறுக்கம். அதைத் தைத்த அன்று உங்கள் கண் துணியில் இல்லை, என் ஃபோனில் ஓடிய கொரிய நாடகத்தில் இருந்தது.

நான் வேலை செய்யும் தபால் கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு மணி வந்தால் பக்கத்துத் தையல் கடையில், உங்கள் மெஷினுக்கு முன்னால் இருப்பேன். நாட்டை ஆளும் ஒருத்தியும் அவளை எதிர்த்து நிற்கும் ஒருத்தியும்தான் அந்த நாடகம். பெயர்கள் வாயில் வராததால் ஒருத்தியைக் கண்ணாடிக்காரி என்றும் மற்றவளைக் கட்டைமயிர்க்காரி என்றும் வைத்திருந்தீர்கள். கீழே வரும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல, நீங்கள் அவர்களோடு நேரேயே கதைப்பீர்கள்.

ஒரு கட்டத்தில் சபை முழுக்க ஆண்கள் மேசையைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். கண்ணாடிக்காரி அவர்கள் அடங்கும்வரை நிற்பாள். பிறகு தன் பேச்சை முதல் வரியிலிருந்தே மறுபடியும் தொடங்குவாள். நீங்கள் மெஷினை நிறுத்தினீர்கள். "திருப்பிப் போடு, புள்ள." மூன்று தரம் பார்த்தோம்.

பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது கட்சிக்காரர்களுக்கு வேட்பாளர் பட்டியலை நிரப்பப் பெண்களின் பெயர் தேவைப்பட்டது. உங்களிடம் வந்தவர்கள், "பேர் மட்டும் தந்தாக் காணும், மிச்சத்த நாங்க பாப்பம்" என்றார்கள்.

"பேரத் தந்தா நானும் வருவன்" என்றீர்கள். வந்தீர்கள், வென்றீர்கள்.

முதல் கூட்டத்தில் மீன் சந்தையைப் பற்றிப் பேச இருந்தீர்கள். அங்கே பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. விடியலிலிருந்து மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் றால் விற்பார்கள். வாகரையில் கடல் உங்கள் புருஷனைக் கொண்டுபோன பிறகு நீங்களும் அப்படி நான்கு வருடம் விற்றவர். அதற்கு முதல் நாள், சபையில் பார்வையாளர் அமரும் பின்வரிசையைச் சொல்லி என்னிடம் கேட்டீர்கள்: "கடைசி வாங்கில வந்து இரு, புள்ள. ஒண்டும் கதைக்கத் தேவையில்ல."

என் அண்ணன் விடவில்லை. "கவுண்மென்ட் வேலை செய்யிற நீ அங்க போய் இருந்தா ஊர் என்ன கதைக்கும்?" என்றான். நானும் அதோடு அடங்கிப்போனேன். அன்று முழுக்கக் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த மத்தியானம் நீங்களே சொன்னீர்கள். "சிரிச்சாங்க, புள்ள. நாலு தரம் எழும்பினன். நாலு தரமும் முதல் வரியில இருந்து தொடங்கினன். தெரிஞ்ச முகம் ஒண்டு இரிக்கா எண்டு பின்னால பாத்தன்." ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "சரி, நாடகத்தப் போடு" என்றீர்கள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சபை ஒத்துக்கொள்ள ஒரு வருடம் சென்றது. மலசலகூடத்துக்கு அத்திவாரம் வெட்டிய கிழமை நீங்கள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். அங்கிருந்து திரும்பவில்லை. நாடகத்தில் மிச்சமிருந்த இரண்டு பகுதிகளையும் நான் தனியே பார்த்தேன். ஆங்கில வரி வந்தவுடன் என் வாய் தமிழில் சொல்லத் தொடங்கிவிட்டது. கேட்க ஆளில்லை.

இன்று அரைநாள் லீவு எடுத்தேன். அண்ணனிடம், "சபைக்குப் போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கடைசி வாங்கில் அமர்ந்தேன். வாவிக்கரை ரோட்டுக்கு விளக்குக் கேட்டு ஒரு புது உறுப்பினர் எழுந்தார், இளம் பெண். வழக்கம்போல் இரைச்சல். அவள் பேச்சை நிறுத்தினாள். பின்னால் திரும்பினாள். என்னைத் தெரியாது அவளுக்கு. நான் தலையாட்டினேன். பேசி முடித்துவிட்டுத்தான் அமர்ந்தாள்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள். "நீங்க ஆர்ர ஆள், எந்தக் கட்சி?"

"ஒருத்தர்ர ஆளும் இல்ல. சும்மா வந்தன்."

"அடுத்த மாசமும் வாறீங்களா, அக்கா?"

"ஓம், வாறன்."

நான் வராத அந்த நாளை இது மாற்றாது. அதை வைத்துக்கொண்டுதான் இனியும் அந்த வாங்கில் போய் இருப்பேன். வெளியே வந்து, இன்று நடந்ததைச் சொல்ல ஆள் தேடினேன். உங்களைத் தவிர ஒருவரும் நினைவில் வரவில்லை.