மூன்றாவது வெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அம்மா என்னைவிடச் சுகம், உன் சுகம் அம்மா போனில் கேட்டுச் சொன்ன அளவுக்கு அரைகுறையாகத் தெரியும், மீதியை நீ எழுதினால் தெரிந்துகொள்வேன். இந்த வீட்டில் உடம்பு சரியில்லாமல் கிடந்தது நம் பழைய மோட்டார் சைக்கிள் மட்டும்தான். அதற்கு வைத்தியம் பார்த்தது உன் அப்பா என்றால் நோய் எவ்வளவு முற்றியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். உனக்கு நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று மட்டும் கேட்காதே. போனில் நீ அம்மாவிடம் அப்பா எப்படி இருக்கார் என்பாய், நான் பின்னாலிருந்து நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு என்பேன், நம் இருவரின் பேச்சுவார்த்தை அதோடு இனிதே முடிந்துவிடும்.

போன மாதம் நீ, லீவு கிடைத்துவிட்டது, ஆறு வருஷத்துக்கு அப்புறம் பதினைந்து நாள் வருகிறேன் என்று சொன்னபோது, அந்த வண்டி இன்னும் இருக்கா என்று கேட்டாயாம். அம்மா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, அவ வண்டியையா கேக்கறா, உங்களத்தாங்க கேக்கறா, இதுகூடவா புரியல என்றாள். புரிந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த பதிலெல்லாம் வண்டியைப் பற்றியது. வண்டி மாடிப்படிக்கு அடியில் நாலு வருஷமாக ஓடாமல், பழைய பேப்பர் கட்டையும் அம்மாவின் கம்பி உடைந்த குடையையும் சுமந்துகொண்டு நின்றது. நீ ரயிலை விட்டு இறங்கும்போது ஸ்டேஷன் வாசலில் அந்த வண்டியோடுதான் நிற்பது என்று முடிவு செய்தேன், யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தார். டேங்க்குக்குள்ள துரு, பெட்ரோல் டியூப் காஞ்சு வெடிச்சிருக்கு, கார்புரேட்டர் பூரா பிசின் மாதிரி கட்டியிருக்கு, கொண்டாந்து விடுங்க சார், ரெண்டு நாள்ல முடிச்சிடறேன் என்றார். விட்டிருக்கலாம், விட்டிருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். நானே பாத்துக்கறேன் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனார், அந்தச் சரி சார் ஒரு வாரம் என் காதில் ஒலித்தது. முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தி, ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையில் குளிப்பாட்டி அனுப்பியவன், ஒரு கார்புரேட்டர் என்ன கம்பசூத்திரமா என்று நினைத்துவிட்டேன். டேங்க்கை அலசுவது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, கார்புரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில் எண் எழுதிய ஒரு சீட்டு, இது இதற்கு அடுத்தது என்று அச்சுக் கோத்த மாதிரி வரிசையாக வைத்தேன். அம்மா வந்து, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு என்று கரிசனத்தோடு ஃபேனைப் போட்டாள். சீட்டுகளில் பாதியை சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்தேன், மீதி எங்கே என்று இன்றுவரை தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை, ஊசி விவகாரத்தைக் கேள். கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கி பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஊசி, உனக்குத் தெரியாததா, தலையில் ஐந்து வெட்டு இருக்கும், ஏதாவது ஒரு வெட்டில் சின்னக் கிளிப்பை மாட்ட வேண்டும், மேல் வெட்டில் மாட்டினால் ஊசி இறங்கி பெட்ரோல் குறைவாகப் போகும், கீழே போகப் போக அதிகமாகப் போகும். நான் கை கழுவப் போனபோது, அந்த ஊசிய மட்டும் பத்திரமா எடுத்து வை என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தேன். சொன்னது யாரிடம், முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவளிடம். உன் அம்மா அகராதியில் ஊசிக்கு ஒரே அர்த்தம்தான். கிளிப்பைக் கழற்றித் தனியாக வைத்து, ஊசியை இருபது நிமிஷம் வெந்நீரில் கொதிக்க வைத்து, பஞ்சில் சுற்றி, தன் பழைய ஸ்டீல் டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டாள். அவளும் மறந்துவிட்டாள், சொன்ன நானும் மறந்துவிட்டேன். நான் மூன்று நாள் தேடினேன். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தேன், குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன், எதிர்வீட்டுத் தையல்காரரின் பூனை மேல் பழி போட்டேன். அம்மாவிடம் பித்தளைக் கம்பி மாதிரி ஒண்ணு பாத்தியா, பித்தளைக் கம்பி பாத்தியா என்று பத்து தடவை கேட்டிருக்கிறேன், அவளும் கம்பியெல்லாம் பாக்கலையே என்று பத்து தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் அலுத்துப்போய், அந்த ஊசி இல்லாம எப்படித்தான் வண்டி ஓடும் என்று முனகினேன். ஊசின்னு கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே என்று பீரோவைத் திறந்தாள். வாழ்நாள் முழுக்க சொல்லைப் பிடித்துத் தொங்கிப் பிழைப்பு நடத்தியவனுக்கு இது தேவைதான்.

சேர்த்து மாட்டினேன். முதல் தடவை, உள்ளே பெட்ரோல் மட்டத்தை நிறுத்துகிற மிதவையைத் தலைகீழாக வைத்துவிட்டேன், பெட்ரோல் நிற்காமல் வழிந்து தரையெல்லாம் ஓடியது, அம்மா அடுப்பை அணைத்து ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டாள், தையல்காரர் வாளியில் மணலோடு ஓடிவந்தார். இரண்டாவது தடவை டியூப் பிடுங்கிக்கொண்டது. மூன்றாவது தடவை பதினெட்டாவது உதையில் கிளம்பியது பார், என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, புகையும் ஒரு காரணம். அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி புறப்பட்டேன். தெருமுனை திரும்பி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினதும் வண்டி இருமியது, தும்மியது, நின்றுவிட்டது. அம்மா இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் யாரோ அவள் யாரோ என்கிற மாதிரி வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் தள்ளிக்கொண்டு வந்தேன். என்ன சார், வண்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போனீங்களா என்று தையல்காரர் கேட்டார்.

கிளிப்பை நான் எப்போதும் போல முதல் வெட்டில்தான் மாட்டியிருந்தேன், பெட்ரோல் மிச்சமாகும் என்று காலகாலமாக அங்கேதான் மாட்டுவேன். வேறு எங்கோ தப்பு என்று நினைத்து, வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். கார்புரேட்டர் படம் போட்ட பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில், ஊசியை தூக்கி மூன்றாவது வெட்டில் மாட்டினேன், இருமல் நின்றது, அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. உன் பதினாலு வயதுக் கையெழுத்து. என் புத்தியைக் கேள், ஊசியைத் தூக்கி என்று ஒற்றுப் போடவில்லையே என்றுதான் முதலில் கண் போனது. அப்புறம்தான் கீழே பார்த்தேன். பேனாவால் ஒரே ஒரு வார்த்தை, சொன்னேன். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

நீ சொன்னது நன்றாக நினைவிருக்கிறது பாப்பா. இதே மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். நீ ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஓடிவந்து சொன்னாய், நான் அதைப் பிடுங்கி, வண்டியில கை வைக்கிற வேலையெல்லாம் உனக்கு வேண்டாம், போய்ப் படி என்றேன். அவர் சிரித்தார், நீ உள்ளே போய்விட்டாய். அன்று சாயங்காலமே கிளிப்பை முதல் வெட்டுக்கு மாற்றிவிட்டேன். பின்னால் நீ இன்ஜின் படிக்கப் போகிறேன் என்றபோதும் அதே பாட்டைத்தான் பாடினேன், நீ எதையும் என்னிடம் சொல்வதை விட்டுவிட்டு அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான். வீம்புக்கு அத்தனை வருஷமும் இருமிக்கொண்டே ஓட்டினேன். நேற்று மெக்கானிக்கிடம் கையேட்டைக் காட்டினேன். பாப்பா சொன்னது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார், உங்ககிட்ட யாரு சொல்றது என்றார். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. இந்த ஒரு வரியை எழுதத்தான் மேலே இத்தனை வரி எழுதியிருக்கிறேன், நேரே எழுத வரவில்லை.

மூன்றாவது வெட்டில் மாட்டிவிட்டேன். இன்று காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பினேன், ஒரு இருமல் இல்லை. பாதி தூரத்தில் அம்மா, இத்தனை வருஷமா எனக்கும்தான் இடுப்பு வலிச்சுது என்றாள். சும்மா நிற்கும்போது மட்டும் கொஞ்சம் தடதடக்கிறது, கார்புரேட்டரின் பக்கவாட்டுத் திருகாணியைக் காதால் கேட்டுக் கேட்டுத் திருப்ப வேண்டுமாம், என் காதின் யோக்கியதைதான் தெரியுமே. அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன். அன்று பிடுங்கிய சிவப்புப் பிடி ஸ்க்ரூடிரைவர் உன் மேஜை டிராயரில் இருக்கிறது.

நீ நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் நாளில் காதை மூடிக்கொள். பெட்டி இரண்டு கொண்டு வராதே, வண்டியில் ஒன்றுக்குத்தான் இடம். அம்மாவிடம் நீ கேட்டாயே, அதற்கு இந்தத் தடவை நானே பதில் சொல்லிவிடுகிறேன். வண்டி இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ரிசர்வில் ஓடிக்கொண்டிருக்கும்
உன் அப்பா