மூன்றாவது மெஷினும் அந்த நீளப் பாட்டும்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், நம் சலவைக் கடையும் சௌக்கியம், மூன்றாவது மெஷினைப் பற்றி மட்டும் ஒரு சேதி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தாயா இல்லை வழக்கம்போல் சரி சரி என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டாயா? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து கடைசி வரை படி.

உங்கள் பாட்டுக் குழுவில் நீங்கள் நாலு பேரும் சேர்ந்து செய்த ஆல்பத்தை, வெளியாவதற்கு முன்பே எங்களுக்கு அனுப்பினாயே, எல்லாப் பாட்டையும் கேட்டோம். அடேயப்பா! கடை ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டேன். அந்த நீளப் பாட்டு ஆரம்பித்தபோது ஒரு அம்மாள் துணி மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகும் பாட்டு முடியவில்லை, அவரும் போகவில்லை, கதவில் கை வைத்தபடி முடியும் வரை நின்று கேட்டுவிட்டு, யார் வாசிக்கிறது என்று கேட்டார். என் பொண்ணுதான் டிரம்ஸ் என்று ஏதோ சோப்பு விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னேன், ஆனால் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பா இது என்ன வகைப் பாட்டு என்று கேட்டார். நீ சொல்லிக்கொடுத்தபடி ப்ரோக்ரெஸிவ் ராக், அதாவது ஒரே இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் என்றேன். “போய்க்கிட்டே இருக்கறது தெரியுது, எங்கயாவது போய்ச் சேருமா?” என்றார் உன் அப்பா. அப்படிச் சொன்ன மனிதர்தான் இப்போது காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதைப் போடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அழுகையும் கத்தலுமாகச் சொன்னதெல்லாம் என் காதிலேயே இருக்கிறது. ஆல்பத்தின் அட்டைக்கு மாதிரிப் பிரதி வந்ததாம், அந்த நீளப் பாட்டுக்குக் கீழே பாடலும் இசையும் என்று உங்கள் பாட்டுக்காரன் பெயர் மட்டும் இருந்ததாம், உன் பெயர் ஒரு மூலையில் டிரம்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்ததாம். இனி அவர்களோடு வாசிக்க மாட்டேன், குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், அந்தப் பாட்டே என் தாளத்தில் வந்ததுதான், போட்டால் என் பெயரை மட்டும் போடட்டும் என்று குதித்தாய். கடைசியில், “நீதானே பக்கத்துல இருந்து பாத்த, நீயே சொல்லும்மா, அது யார் பாட்டு?” என்று கேட்டாய். கேட்டுவிட்டாய் அல்லவா, சொல்கிறேன்.

போன விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் இங்கே வந்து, கடையின் பின்னறையில் இஸ்திரி மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு ஒத்திகை பார்த்தீர்களே, அப்போது நான் அதே அறையில்தான் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ நம் மூன்றாவது மெஷினின் நடையை வாசித்துக்கொண்டிருந்தாய். அதன் பின்கால் நிற்கிற இடத்தில் தரை இறங்கிப்போய், துணி பிழியும்போது அது நொண்டுமே, மூன்று அடி, பிறகு இரண்டு, பிறகு இரண்டு, மறுபடியும் மூன்று. சின்ன வயதில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போதே பென்சிலால் அதைத் தட்டுவாய், கணக்கு மட்டும் வராது. அன்று பாட்டுக்காரன் கிதாரோடு நடுவில் நுழைந்தான், நுழைந்தவன் தப்பான இடத்தில் நுழைந்தான். கீபோர்டு வாசிக்கிற நெட்டை சிரித்துச் சிரித்து முகத்தைக் கட்டைகள் மேலேயே வைத்துவிட்டான். பேஸ் கிதார் மௌனசாமி, வந்த நாளிலிருந்து சாப்பாடு போதும் என்பதைத் தவிர வாயே திறக்காதவன், “தப்பு” என்றான். பாட்டுக்காரனுக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை, வீம்புக்கு அதே தப்பான இடத்தில் மறுபடியும் நுழைந்து ஒரு வார்த்தையை இழுத்துக்கொண்டே நின்றான். நீ என்ன செய்தாய் தெரியுமா? அவனை உன் வழிக்கு இழுக்கவில்லை. ஒரு அடியை அடிக்காமல் விட்டாய். கையை மேலே தூக்கியபடி, அவன் வந்து சேரட்டும் என்று காத்திருந்தாய். அவன் வார்த்தை வந்து அந்தக் காலி இடத்தில் பொருந்தியதும் நீ அடித்தாய் பார், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நெட்டை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை வைத்தான், மௌனசாமியும் தன் கனத்த நாதத்தோடு சேர்ந்துகொண்டான், அந்த நீளப் பாட்டு பிறந்தது அப்படித்தான். இஸ்திரிப் பெட்டி கையில் இருந்ததே எனக்கு மறந்துபோய், யாரோ ஒரு புண்ணியவானின் சட்டைக் காலர் பழுப்பாகிவிட்டது. எனக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் இப்படி ஒருத்தியைப் பெற்றிருக்கிறோமே என்று அன்றைக்கு நினைத்த நினைப்பு இன்னும் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. பாட்டுக்காரன் எனக்குப் போன் செய்தான், நீ அவன் போனை எடுப்பதில்லையாமே. முதலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பிறகு மெதுவாக, “வார்த்தை நான் எழுதினது ஆன்ட்டி, மெட்டும் நான் போட்டது, டிரம்ஸுக்கு யாரும் அங்க பேர் போடறதில்ல, எங்கயும் அதான் வழக்கம்” என்றான். எனக்கோ திட்டித் திட்டி மூச்சு வாங்கியது, சரி அதைக் கொஞ்சம் பாடு கேட்போம் என்றேன். சோதிக்கவெல்லாம் இல்லை, அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். பாடினான். என்ன குரல்டி அது, கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மூன்றாவது வரியில் அந்த வார்த்தையை இழுத்தான், இழுத்தான், அப்படியே நின்றுவிட்டான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி அதே இடத்தில் நின்றான். எங்கே இறங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்கிறேன். “இருக்கேன் ஆன்ட்டி. அவ இல்லாம அந்த இடம் வரல” என்றான். நான் கேட்காமலே, அட்டையை மாற்றச் சொல்லி நாலு பேர் பெயரையும் போடச் சொல்கிறேன் என்று அவனே சொன்னான். தன் பாட்டு தனக்கே பாட வரவில்லை என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும், சொல். அவன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது, நீ முறைத்தாலும் சரி.

இப்போது உன் முறை. உன் கோபம் நியாயம்தான், அதை விழுங்கச் சொல்லவில்லை, அவன் முகத்துக்கு நேராகக் கேள். ஆனால் உன் பெயர் மட்டும் வேண்டும் என்றாயே, அது ஆகாது. அவன் மெட்டை எடுத்துவிட்டு நீ வாசிப்பதை மட்டும் வாசித்துப் பார், வாஷிங் மெஷின் ஓடுகிற மாதிரித்தான் இருக்கும். அதைக் காசு கொடுத்துக் கேட்கிறவர்கள் நம் கடைக்கு வருகிறவர்கள் மட்டும்தான். நாலு பேர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். உன் பெயர் மட்டும் வந்தால் அந்த அட்டையைக் கடைச் சுவரில் மாட்ட மாட்டேன், சொல்லிவிட்டேன்.

மெஷின் சேதிக்கு வருகிறேன். அது நொண்டுகிறது, நொண்டுகிறது என்று நான் இத்தனை வருஷமாகப் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு, எனக்குத் தெரியாமல் சந்தோஷப்படுத்த நினைத்து, உன் அப்பா நேற்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தரையைச் சமமாக்கிப் பின்காலையும் மாற்றிவிட்டார். இன்று காலை பெருமையாகத் துணியைப் போட்டு ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. ஸ்பீக்கரில் உன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கேட்டார், மெஷினைப் பார்த்தார், முகம் தொங்கிப்போய்விட்டது. பிறகு அதைத் தட்டிப் பார்த்தார், சோப்புப் பெட்டி அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தார், வாடிக்கையாளர் முன்னால் ஓர் உதைகூட விட்டார், அது நொண்டுவதாக இல்லை. “இவ்ளோ நல்லாவா சரி பண்ணுவான் ஒருத்தன்!” என்று மெக்கானிக்குக்குத் திட்டு. நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன்.

நன்றாக இரு, நீண்ட ஆயுளோடு இரு, உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஒத்தடத்தை மறக்காதே. நம் மெஷினிடம் இருந்த அந்த நடை இப்போது இங்கே இல்லை கண்ணு, உங்கள் நாலு பேரிடம்தான் இருக்கிறது, அதுவும் நாலு பேரும் சேர்ந்து வாசித்தால்தான். அவன் கூப்பிடுவான், போனை எடு.

உன் அம்மா
(அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், இன்னும் அந்த மெஷினை ஆட்டிப் பார்த்துக்கொண்டு.)