பஸ்ஸை விட்டு நான் இறங்கியது

அகர்தலா,
வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 2024.

அன்புள்ள இளமதி அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் எல்லை தாண்டி நம் நாட்டுக்குள் வந்துவிட்ட ஹெலன் எழுதிக்கொள்வது. நான் நலம். கன்னியம்மா அக்காவும் உயிரோடு இருக்கிறார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடாதீர்கள். இளமதி நர்சிங் காலேஜில் சேர்ந்த அன்று எந்தச் சுடிதார் போட்டுக்கொண்டு போனாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேற்று நீங்கள் கூப்பிட்டபோது நான் "ம்", "சரி" என்று மட்டும் சொன்னேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் கோபமும்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலை ஒட்டித்தான் பாய் போட்டிருக்கிறேன். அவருக்குப் பேச்சு குழறுகிறதே தவிர, காது நன்றாகக் கேட்கிறது. அவர் காதில் விழக்கூடாத ஒன்றைச் சொல்லவேண்டும். நான் கண்ணில் படாவிட்டால் அழுகிறார், அதனால் வெளியே போயும் பேச முடியவில்லை. ஊரிலிருந்து கம்பெனி பேப்பர்களோடு இங்கே வந்த பென்னி இன்று திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நானும் அக்காவும் பென்னியும் டாக்கா பக்கம் போனது, அங்கே போட்ட புது மெஷின்களில் பை தைக்கப் பழக்கிக் கொடுக்கத்தான். போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே மாணவர்கள் ஊர்வலம் என்றார்கள், அரசு வேலை ஒதுக்கீட்டை எதிர்த்துப் போராட்டம் என்றார்கள். நம்மூர்ப் பக்கம் புதுவாயல் கூட்ரோட்டில் மறியல் நடப்பதுபோல சாயங்காலம் கலைந்துவிடுவார்கள் என்று நான்கூடச் சிரித்தேன். பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நெட் நின்றது. ஊரடங்கு போட்டு, ராணுவம் தெருவுக்கு வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இருக்கிற அரிசியைக் கஞ்சியாக்கிக் குடித்துக்கொண்டு ரூமிலேயே கிடந்தோம்.

ஒரு காலையில் கஞ்சி வடிக்கும்போது அக்காவின் கையிலிருந்து பாத்திரம் நழுவியது. ஏன் போட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், பாதி முகம்தான் சிரித்தது. ஆம்புலன்ஸ் வரவில்லை. கீழ்வீட்டில் ரோக்சானா என்று ஒரு பெண், எங்களிடம் மெஷின் பழகியவள். பலகை வைத்த சைக்கிள் வண்டி ஒன்றை எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அக்காவை அதில் படுக்கவைத்தோம். பென்னி மிதித்தான். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ரோக்சானா தன் வெள்ளைத் துப்பட்டாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டி மறித்தபோது அவள் கத்தியதில் எனக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது. அம்மா என்றாள். அக்காவைக் காட்டி, தன் அம்மா என்று சொன்னாள். வழி விட்டார்கள்.

இனி பஸ் விஷயம்.

இந்தியர்களை எல்லைக்குக் கொண்டுபோக ஒரு பஸ் கிளம்புகிறது, உடனே வாருங்கள் என்று அங்கத்திய கம்பெனி ஆள் வந்து சொன்னார். படுத்திருப்பவரை ஏற்ற முடியாது, ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும், பின்னால் அனுப்பிவைக்கிறோம் என்றார். அக்காவும் நல்ல கையால் என் முந்தானையைத் தள்ளி, "நீ போடி, பொண்ண பாரு" என்றார். அந்தக் குழறலில் நான் மட்டும்தான் அதைப் புரிந்துகொண்டிருக்க முடியும். நான் போனேன். பஸ்ஸில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும்விட்டேன். இதை பென்னி உங்களிடம் சொன்னானோ இல்லையோ.

உட்கார்ந்த பிறகுதான் நினைத்தேன். அக்கா "அன்னி" என்றால் தண்ணி என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்குத் தெரியும்? திரும்பிப் படுக்கவேண்டும் என்றால் என்ன செய்வார்? நாலு வார்த்தையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தண்ணியை எழுதிக் கொடுக்கலாம். பயமாக இருக்கிறது என்பதை எப்படி எழுதிக் கொடுப்பது? நான் எழுந்ததும் பென்னி கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, எறங்காதக்கா. இத வுட்டா வேற பஸ் எப்ப வரும்னே தெரியாது" என்று கெஞ்சினான். அவன்மேல் வருத்தப்படாதீர்கள். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அவன் போகத்தான் வேண்டும்.

அன்று எப்படியோ லைன் கிடைத்து உங்களிடம் பேசினேன். "இங்க பொண்ண காலேஜ்ல சேக்கணும், நீ அங்க எவளுக்கோ பீ மூத்திரம் அள்ளிக்கினு கீறியா? அவ உனுக்கு இன்னா சொந்தம்?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிறகு வெகுநாள் லைனே கிடைக்கவில்லை. உங்கள் குரல் என்று என் காதில் இருந்தது அதுதான். பயத்தில் கேட்டீர்கள் என்று தெரியும். நான் அங்கேயே செத்துவிடுவேன் என்று பயந்தீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். பக்கத்து மெஷினில் தைத்தவர், மீன் குழம்பு கொண்டுவந்தால் என் டப்பாவில் பாதியை ஊற்றுபவர். அவ்வளவுதான் சொந்தம்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நடைபாதை முழுவதும் அடிபட்ட பிள்ளைகள், நம் இளமதி வயதுதான் இருக்கும். அவர்களுடைய அம்மாக்கள் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள். டாக்டர்கள் நின்றபடியே தூங்கினார்கள். அத்தனைக்கு நடுவிலும் அக்காவுக்கு ஊசி தவறவில்லை. அரசாங்கம் கவிழ்ந்த அன்று வார்டில் எல்லோரும் கூச்சல் போட்டு அழுதார்கள், சிரித்தார்கள். ஒரு நர்ஸ் என் வாயில் இனிப்பைத் திணித்தாள். அதை நான் விழுங்குவதற்குள் தெருமுனையில் எதையோ கொளுத்திவிட்டார்கள், வார்டுக்குள் புகை வந்தது. அப்போது அங்கே இந்தியாமேல் கோபம்; எந்த ஊர்க்காரி என்று யாராவது கேட்டால் காது கேட்காதவள்போல அக்காவின் போர்வையை இழுத்துவிடுவேன். வெளியில் வாயைத் திறக்காதே என்று ரோக்சானா ஜாடையில் சொல்லிவைத்திருந்தாள். அவள்தான் தினமும் சோறு கொண்டுவந்தாள்.

வழி திறந்ததும் ஆம்புலன்ஸ் பேசியவளும் அவள்தான். எல்லைவரை கூடவே வந்து அக்காவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். நன்றி என்று அவர்கள் மொழியில் சொல்லத் தெரியும். அதைச் சொல்லாமலே ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மழை பிடித்துக்கொண்டது, ஆள் தெரியவில்லை.

இப்போது அந்த விஷயம். இங்கத்திய டாக்டர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும், பிடித்துக்கொண்டு நடப்பார். இடது கை வராது. மெஷினுக்குத் துணியைத் தள்ளிக் கொடுக்கிற கை. அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஊருக்குப் போய் எந்த மெஷின் வரிசையில் உட்காரப்போகிறோம் என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனுக்கும் தெரியாது. போனில் "ஊட்டுக்காரி எப்ப வருவா?" என்று மட்டும்தான் கேட்கிறார். சீக்கிரம் என்கிறேன். அதை அவர் போனில் கேட்கக்கூடாது. எனக்காக நீங்கள் ஒன்று செய்யுங்கள். லீவு சொல்லிவிட்டு, பொன்னேரியில் பழவேற்காடு பஸ் பிடித்துப் போங்கள். இறங்கி, கம்பெனிக்குப் போகிற கன்னியம்மா வீடு என்றால் காட்டுவார்கள். நேரில் சொல்லுங்கள். அவர் கத்தமாட்டார், ஒன்றும் கேட்கவும் மாட்டார். கையில் இருக்கிற வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்லிவிட்டோம் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். அவராக எழுந்திருக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

பிறகு அவரை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். மெட்ராஸைத் தாண்டி எங்கும் போகாத மனுஷன், வழியில் பேஜாராகிவிடுவார். பென்னியோடு அனுப்பலாமா என்று யோசிக்காதீர்கள், அவன் கைக்குழந்தைக்காரன். நீங்களே வாருங்கள். உங்கள் வெள்ளைச் சட்டையைக் கொடியிலேயே விட்டுவிடாமல் எடுத்து வையுங்கள், குடையும் கொண்டுவாருங்கள், இங்கே ஓயாத மழை.

இளமதிக்கு என் முத்தம். நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். அவள் கையில் கர்த்தர் சுகமளிக்கும் வரத்தை வைக்கட்டும்.

எனக்கு மிகவும் அசதியாக இருக்கிறது. நீங்கள் வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் முழுக்கத் தூங்கவேண்டும். வாருங்கள்.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்
ஹெலன்