சோதனைக்குழாயைக் கேட்டு வாங்கியவளுக்கு

இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கரண்டியில் சர்க்கரையைப் போட்டுச் சூடுகாட்டினேன். உருகியது, பொன்னிறமானது, பிறகு கறுத்துப் புகைந்தது. கடலூர் செம்மண்டலத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆய்வகம் சின்ன அறைதான். கருகல் வாசனை நிறைந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு நீ தோளில் இடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. போன ஐப்பசியில் நீ இறந்ததிலிருந்து உன்னிடம் பேசவேண்டும் என்று இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நீ நான் படித்த பள்ளிக்கு வந்தாய். கடற்கரைக் குப்பத்திலிருந்து உன் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். ஆறு வயதில் வந்த காய்ச்சலில் உனக்குப் பார்வை போய்விட்டது என்று அறிவியல் மிஸ் சொல்லி, என் பக்கத்தில் உட்காரவைத்தார். அறிவியலில் நான் முதல் மதிப்பெண். எல்லாம் மனப்பாடம்.

நாம் சேர்ந்து செய்த முதல் சோதனையும் இந்தச் சர்க்கரைதான்.

"என்னாடி ஆவுது?" என்று கேட்டாய்.

"வேதியியல் மாற்றம் நடக்குது" என்றேன்.

"அது புக்ல இருக்கு. கண்ணுக்கு என்னா தெரியுது, அத சொல்லு."

எனக்கு எரிச்சல் வந்தது. வேறு வழியில்லாமல் குனிந்து பார்த்தேன். ஓரத்துச் சர்க்கரைதான் முதலில் உருகியது. நடுவில் இருந்தது வெள்ளையாகவே கிடந்தது. பிறகு சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நீ தலையாட்டிக்கொண்டே இருந்தாய். புகை வந்ததும் நான் வாய் திறப்பதற்குள் நீயே சொன்னாய்: "இப்ப அது சர்க்கரை இல்லடி. வேற என்னவோ ஆயிடுச்சி."

மயில்துத்தத்தைச் சூடாக்கிய நாளும் அப்படியே மனத்தில் இருக்கிறது. நீலம் வெளுத்து வெள்ளையாகிறது என்றேன். எந்த மாதிரி நீலம் என்று கேட்டாய். கடல் மாதிரி என்றேன்.

"எங்க கடலு எப்ப நீலமா இருந்துச்சி? நான் பாத்த வரைக்கும் கலங்கல்தான். வேற சொல்லு."

ரொம்ப நேரம் யோசித்தேன். "ஒங்க அப்பா படகுக்கு அடிச்ச பெயின்ட் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதான் நீலமா? அப்ப அது வெளுத்துப் போறது பாவம்டி."

குழாய் ஆறியபிறகு தண்ணீர் விட்டால் நீலம் திரும்பிவிடும் என்றேன். "ஊத்து, ஊத்து" என்று அவசரப்படுத்தினாய். சொட்டுச் சொட்டாக விட்டேன். குழாயை விரல்களால் பிடித்திருந்த நீ, "ஏய், சுடுதுடி!" என்று கத்தினாய். நீலம் திரும்பியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சூடு உன்னால்தான் தெரிந்தது.

பிறகு பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு வந்தது. வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் உன்னைப் பார்த்ததும் நல்ல மனசோடுதான் சொன்னார்: "நீ ஒக்காரும்மா. ஒனக்கு நான் மார்க் போட்டுக்கிறேன்."

"எனக்கு மார்க் வேணாம் சார். டெஸ்ட்டியூப் குடுங்க" என்றாய்.

மிஸ்ஸின் முகம் வெளிறிவிட்டது. உன் பிடிவாதத்தால் உள்ளதும் போய்விடுமோ என்று பயந்தேன். தேர்வாளர் ஒரு குழாயில் அம்மோனியம் குளோரைடைப் போட்டு, தண்ணீர் விட்டு உன் கையில் கொடுத்தார்.

"சில்லுனு ஆவுது சார்."

"அப்ப என்ன மாற்றம்?"

"இயற்பியல் மாற்றம்."

"இவ்வளவு சில்லுனு ஆயிடுச்சே, புதுசா ஒரு பொருள் உண்டாயிருக்காதா?"

அவர் கேட்ட தொனியில் நானாக இருந்தால் பதிலை மாற்றியிருப்பேன். நீ மாற்றவில்லை.

"சில்லுனு ஆனத மட்டும் வச்சி சொல்ல முடியாது சார். தண்ணிய வத்த வச்சா அதே உப்பு திரும்பிக் கெடைக்கும்."

"அதே உப்புதான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க வத்த வச்சிப் பாத்தோம் சார். கெடைச்ச உப்பத் திரும்பத் தண்ணியில போட்டேன். மறுபடியும் அதே மாரி சில்லுனு ஆச்சி."

அவர் மிஸ் பக்கம் திரும்பி, "அடுத்த டியூபையும் குடுங்க" என்றார். மிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அப்படிச் செய்தும் மேல்நிலையில் உனக்கு அறிவியல் பிரிவு கிடைக்கவில்லை. கண் தெரியாத பிள்ளைக்கு ஆய்வக வேலை முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வரலாறு எடுத்தாய். பள்ளி முடிந்து இருவரும் கல்லூரிப் படிப்புக்குச் சிதம்பரம் போனோம். நான் வேதியியல், நீ வரலாறு. சாயங்காலம் விடுதிக்கு வந்ததும், "இன்னிக்கி லேப்ல என்னா பாத்த?" என்று ஆரம்பித்துவிடுவாய். சொல்லவேண்டுமே என்பதற்காகவே பகலெல்லாம் கூர்ந்து பார்ப்பேன். வீழ்படிவு வந்தது என்றால் விடமாட்டாய். தயிர் மாதிரியா, மாவு மாதிரியா, மெதுவாக இறங்கியதா, சட்டென்றா என்று கேட்பாய். பேராசிரியர்கள் என் ஆய்வகக் குறிப்புகளைப் பாராட்டினார்கள். அவை உனக்குச் சொன்ன சொற்கள். இன்று எனக்குச் சோறு போடும் வேலையும் அதிலிருந்து வந்ததுதான். உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் "ரொம்ப ஜாஸ்தியா பேசாத" என்று அடக்கியிருப்பாய். இப்போது அடக்க ஆளில்லை, சொல்லிவிட்டேன்.

படிப்பு முடிந்ததும் நீ சிதம்பரத்திலேயே வரலாற்று ஆசிரியை ஆனாய். சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் கிடந்தபோது கடைசியாக வந்து பார்த்தேன். உன் கை எலும்பாக இருந்தது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"அழுவாத. ஜன்னலுக்கு வெளிய என்னா இருக்கு, சொல்லு" என்றாய்.

"மழை பெய்யுது."

"அது எனக்கே கேக்குது. நீ பாத்தத சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வேப்பமரத்தின் அடித்தண்டு ஒருபக்கம் மட்டும் நனைந்து கறுத்திருந்தது, மறுபக்கம் காய்ந்து சாம்பலாக இருந்தது. சுவரோரம் ஒரு நாய் நனையாமல் ஒண்டிப் படுத்திருந்தது. மின்கம்பியில் தண்ணீர்த் துளிகள் ஓடிவந்து ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து விழுந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். நீ தலையாட்டிக்கொண்டே கேட்டாய்.

ஏதாவது வேலையாகச் சிதம்பரம் போய்க் கடலூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது இப்போதும் ஜன்னலோர சீட்டாகப் பார்த்துத்தான் உட்காருகிறேன். வெளியே தெரிவதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவேன். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "யார்கிட்டம்மா பேசிக்கினு வர்ற?" என்று கேட்டார்.

"என் ஃபிரண்டுகிட்ட" என்றேன்.